பேரிடர் தணிப்பில் அறிவியல் தகவல்களைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிகழ்தகவைக் காலக்கெடுவாகப் புரிந்துகொள்வதே மிகப் பரவலான தவறு. ‘நூறாண்டு வெள்ளம்’ ஒருமுறை வந்துபோனால் இனி நூறு ஆண்டுகளுக்கு அச்சமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், எந்த ஆண்டிலும் அது வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அதன்படி, ஒரே வீட்டில் 30 ஆண்டுகள் வாழும் குடும்பம் அவ்வெள்ளத்தை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. குற்றம் கேட்பவருடையது அன்று, அந்தப் பெயருடையது என்றே சொல்வேன்.

முன்னறிவிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்வதும், அதை அப்படியே நம்புவதும் அடுத்த தவறு. 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ரெட் ஆறு 49 அடி வரை உயரும் என்று அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்றே மேலாகக் கரைகளை உயர்த்திவிட்டு மக்கள் காத்திருக்க, நீர்மட்டமோ 54 அடியைக் கடந்து நகரை மூழ்கடித்தது. கணிப்பு எத்தனை அடி பிசகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், கரையை மட்டும் நம்பியிருக்க மாட்டார்கள்.

துறைச்சொல்லை அப்படியே மக்களிடம் கொண்டுசெல்வதும் ஆபத்தானது. 2013இல் ஹையான் புயல் பிலிப்பைன்ஸைத் தாக்கியபோது, புயல் அலை எழும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்தும், அச்சொல் கடல்நீர் ஊருக்குள் பாய்வதைக் குறிக்கிறது என்று பலருக்குப் புரியவில்லை. மாறாக, இந்தோனேசியாவின் சிமெலுவே தீவினர், 1907ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் தலைமுறைகளாக நினைவில் வைத்திருந்ததால், 2004இல் நிலம் அதிர்ந்ததும் மேட்டுக்கு ஓடினார்கள். அங்கே இறந்தவர்கள் மிகச் சிலரே. உள்ளூர் அறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது, தகவல் கையிலிருந்தும் முடிவெடுக்கத் தயங்குவது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 இரவு வெடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஆர்மெரோ நகரைச் சேறு மூடக்கூடும் எனக் காட்டும் ஆபத்து வரைபடம் வெளியாகியிருந்தது. வெடிப்புக்குப் பிறகு, மலையுச்சியில் உருகிய பனிநீரும் சாம்பலும் கலந்த சேற்றுப் பெருக்கு நகரை அடைய ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஆனது. அருகிலிருந்த மேட்டில் ஏற அதுவே போதும். ஆயினும் தவறான எச்சரிக்கை என்ற பழிக்கு அஞ்சிய தயக்கத்தால் வெளியேற்றம் நடக்காமற்போய், 20,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்த அளவீடு எந்த எல்லையைத் தொட்டால், யார், யாரைக் கேட்காமலே வெளியேற்ற ஆணையிடலாம் என்பதை வானம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.