கினிப்பன்றிக்குக் கோபமா, பயமா? குணமறிந்து வளர்க்கச் சில வழிகள்

கினிப்பன்றி (பேர்தான் பன்றி, கொறித்துத் தின்னும் சிறு வளர்ப்புப் பிராணி இது) வாங்கி வந்த முதல் வாரத்திலேயே, "இது சுத்த மக்கு, மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது" என்று அலுத்துக்கொள்பவர்கள் அதிகம். நான் இருப்பது சென்னை வில்லிவாக்கத்தில், இரண்டாம் மாடி. வீட்டில் மொச்சை, ராகி, பட்டாணி என்று மூன்று பெண் கினிப்பன்றிகள். பள்ளி விடுமுறை வந்தால் அக்கம்பக்கத்தில் ஊருக்குப் போகிறவர்களும் தங்கள் கினிப்பன்றியை என்னிடம்தான் விட்டுப் போகிறார்கள். அப்படி வந்து தங்கியவற்றில் ஒன்றைப் போல இன்னொன்று இருந்ததே இல்லை. ஆனாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. முதல் சில வாரங்கள் நாம் பார்ப்பது அதன் பயத்தைத்தான். பயம் தெளிந்த பிறகுதான் குணம் தலைகாட்டும்.

பயம் அதற்குப் பிறவியிலேயே வந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் வளர்த்துவரும் பிராணி என்றாலும், அதன் காட்டு உறவுகள் பருந்துக்கும் நரிக்கும் இரையாகிறவை. எதிர்த்து நிற்கும் உடம்பு இல்லை, மரமேறத் தெரியாது. ஓடி ஒளியும், முடியாவிட்டால் கல்லாய்ச் சமைந்து நிற்கும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். மேலிருந்து இறங்குகிற கை அதற்குப் பருந்துதான், அந்தக் கையில் கேரட் இருந்தாலும் சரி.

ஆகவே முதல் வேலை, ஒளிய இடம் கொடுப்பது. இரண்டு கினிப்பன்றிகளுக்கு நாலடிக்கு இரண்டடி தரையாவது வேண்டும். பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பித் தரை ஆகாது, பாதம் புண்ணாகிவிடும். பழைய போர்வையை மடித்து விரித்தால் போதும். ஒளிவதற்கு அட்டைப்பெட்டி போதும், ஆனால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் இருந்தால் தலைவி வாசலில் உட்கார்ந்துகொள்வாள், உள்ளே இருப்பது வெளியே வர முடியாமல் தவிக்கும். எத்தனை கினிப்பன்றியோ அதைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்கட்டும். சக்கரம், உருட்டு பந்து எல்லாம் வாங்காதீர்கள். அவை வெள்ளெலி வகைகளுக்கு ஆனவை. கினிப்பன்றியின் முதுகெலும்புக்கு ஆகாது.

அப்புறம் ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகவேண்டும். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். நான் கீரை ஆய்வதை அங்கேதான் வைத்துக்கொள்வேன். பேசுங்கள், குரல் பழகட்டும். கொஞ்ச நாளில் ஒரு மூக்கு வெளியே வரும். அப்போது கையைத் தரையோடு தரையாக, பக்கவாட்டில் நீட்டி ஒரு கொத்தமல்லிக் காம்பைப் பிடித்திருங்கள். இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினால் ஓடட்டும். உங்கள் முன்னாலேயே நின்று மெல்லத் தொடங்குகிற நாள் வரும், அன்றைக்குத்தான் தொட முயலலாம். துரத்திப் பிடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வெளியே எடுக்கவேண்டுமானால் பெட்டிக்குள் அதுவாக நுழைந்ததும் பெட்டியோடு தூக்குங்கள். கையில் எடுக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கடியில் இருக்கவேண்டும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துதான் மடியில் வாங்கிக்கொள்ளவேண்டும். நின்றுகொண்டு தூக்கி, அது துள்ளி விழுந்தால் எலும்பு போய்விடும்.

பயம் தெளிந்ததா என்று எப்படித் தெரியும்? சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே மொச்சை முன்கால்களைக் கம்பியில் வைத்து நின்று, "வீக்! வீக்!" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துவாள். மனிதர்களைக் கூப்பிட இந்தப் பிராணி வைத்திருக்கிற குரல் இது. ஃபிரிட்ஜ் கதவுச் சத்தத்தையும் கொத்தமல்லியையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள அதிக நாள் பிடிக்காது. ராகி பெட்டி வாசலில் மூக்கு நுனியை மட்டும் நீட்டி, மொச்சைக்கு விழுகிற முதல் கொத்து எங்கே விழுகிறது என்று பார்ப்பாள். எல்லாரும் வாய் நிறைய வைத்துக்கொண்ட பிறகு வந்து ஒரே காம்பைக் கவ்விக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பட்டாணிக்கு வரிசையெல்லாம் கிடையாது. மொச்சை மென்றுகொண்டிருக்கும் காம்பின் மறுமுனையைப் பிடித்து மெல்லத் தொடங்கி, இரண்டு மூக்கும் முட்டும் வரை விடமாட்டாள். ஒரே கூண்டு, ஒரே தீனி, குணம் மட்டும் மூன்று விதம். ராகியைத் தைரியசாலியாக்கப் பார்ப்பது வீண் வேலை. அவளுக்கு என்று தனியாக ஒரு கொத்து உள்ளே போட்டுவிடுவதே நியாயம்.

சத்தங்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுப் பழகுங்கள். சுற்றித் திரியும்போது "குட்...குட்...குட்" என்று மெல்லிய முணுமுணுப்பு வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மடியில் தளர்ந்து கிடந்தபடி தாழ்ந்த "குர்ர்" சுகத்தில் வருவது. அதே குர்ர் உச்சஸ்தாயியில், வெட்டிவெட்டி, உடம்பு விறைத்தபடி வந்தால் போதும் நிறுத்து என்று பொருள். இந்த வித்தியாசம் தெரியாமல் "அதுக்கு ரொம்பப் பிடிக்குது" என்று தடவிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தலையை வெடுக்கென்று மேலே தூக்கி உங்கள் கையைத் தள்ளினாலும் அதே செய்திதான். பல்லை நறநறவென்று கடிப்பது கடைசி எச்சரிக்கை, கையை எடுத்துவிடுங்கள். மடியில் உட்கார்ந்து உங்கள் புடவையைப் பல்லால் இழுத்து நெளிந்தால் பெரும்பாலும் மூத்திரம் வருகிறது. உடனே கூண்டில் விடுவது புடவைக்கு நல்லது.

இன்னொரு சத்தம் உண்டு. நள்ளிரவில் ஒன்று மட்டும் அசையாமல் நின்று, குருவி கத்துவது போலக் கிறீச் கிறீச்சென்று நிமிடக்கணக்கில் கத்தும். மற்றவை உறைந்து கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் முதல் தடவை பால்கனிக் கதவைத் திறந்து குருவியைத் தேடினார். ஆபத்து ஒன்றும் இல்லை. விளக்கைப் போட்டால் நிறுத்திவிடும்.

புதிதாக வளர்ப்பவர்களைத் திடுக்கிட வைக்கும் வழக்கமான விஷயங்கள் சிலவும் சொல்லிவிடுகிறேன். கண்ணைத் திறந்தபடியே தூங்கும். அதுவும் நாள் முழுக்கத் துண்டு துண்டான குட்டித் தூக்கம்தான். கண்ணிலிருந்து பால் போல வெள்ளையாக ஒரு திரவம் வரும், அதை முன்காலில் வாங்கி முகம் கழுவிக்கொள்ளும். வயிற்றடியில் தலையைக் கொண்டுபோய் மெத்தென்ற ஒருவகைப் புழுக்கையை எடுத்துச் சாப்பிடும். முதல் தடவை செரிக்காமல் போன சத்தை இப்படித்தான் மீட்டுக்கொள்கிறது, தடுக்கக்கூடாது. திடீரென்று நாலு காலும் தரையை விட்டு எழும்பக் காற்றில் முறுக்கிக் குதிக்கும். வலிப்போ என்று பதறிப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். அது சந்தோஷத் துள்ளல், குட்டிகளிடம் அதிகம். ஆனால் வெறித்தனமாகச் சொறிந்து, முடி கொட்டி, அதன் நடுவில் துடித்து விழுந்தால் அது சொறிப்பூச்சி. உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

துணை விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஒற்றைக் கினிப்பன்றி வளர்க்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்ஸர் குழுவினர் ஆண் கினிப்பன்றிகளைப் புதுக் கூண்டில் விட்டு, மனஅழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோலை அளந்தார்கள். தனியாக விட்டபோது எகிறிய அளவு, பழகிய ஜோடி பக்கத்தில் இருந்தபோது வெகுவாகக் குறைந்தது. முன்பின் தெரியாத பெண்ணை வைத்தால் அந்தப் பலன் இல்லை. அதாவது எண்ணிக்கைக்கு இரண்டு இருந்தால் போதாது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவேண்டும்.

சேர்க்கும்போது ஒன்றின் கூண்டில் மற்றதை விடாதீர்கள். ஹாலில் இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு மூலையில் போர்வை விரித்து, நடுவில் புல்லைக் குவித்து, இரண்டையும் விடுங்கள். துரத்தும், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும் (பெண்ணும் பெண்ணும் கூட), இடுப்பை ஆட்டி "துர்ர்ர்" என்று உறுமியபடி சுற்றிவரும், பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து வாசனை வைக்கும். யார் தலைவி என்கிற பஞ்சாயத்து இது; குறுக்கே போகாதீர்கள். இரண்டும் நேருக்கு நேர் நின்று, பிடரி மயிர் சிலிர்த்து, பல்லை நறநறத்து, வாயை அகலத் திறந்து காட்டினால்தான் கவலைப்படவேண்டும். கொட்டாவி என்று நினைத்து ரசிக்காதீர்கள். உருண்டு புரளத் தொடங்கிவிட்டால் கையை நடுவில் விடாமல் ஒரு முறத்தைச் செருகிப் பிரித்துவிடுங்கள்.

ஆணா பெண்ணா என்பதைக் கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். எங்களுக்கு விற்றவர் "ரெண்டும் பொண்ணுதான், குட்டிங்க" என்றார். பெண் என்பது உண்மை. ராகி வயிற்றில் பட்டாணி இருந்தாள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கர்ப்பம் 59 முதல் 72 நாள் வரை. குட்டி கண் திறந்து, முடியோடு, பல்லோடு பிறந்து அன்றைக்கே ஓடும். ஆண் குட்டியாக இருந்தால் மூன்று வாரத்தில் பிரித்துவிடவேண்டும்.

"கடிக்கிறது" என்ற புகாரோடு ஒரு வீட்டிலிருந்து ஓர் ஆண் கினிப்பன்றி எங்களிடம் தங்க வந்தது. அந்த வீட்டில் அதைப் பழைய மீன் தொட்டிக்குள் வைத்து, மேலிருந்து கைவிட்டு எடுத்திருக்கிறார்கள். இங்கே தரைக்கூண்டில் தனியாக, மொச்சையின் வாசனை எட்டும் தூரத்தில் வைத்து, பக்கவாட்டில் கை நீட்டியதோடு சரி. அந்த விடுமுறை முடிவதற்குள் என் விரலை நக்கத் தொடங்கிவிட்டது. சாப்பிட்ட வாசனை கையில் இருந்தாலும் லேசாகக் கவ்விப் பார்க்கும், அது கடி இல்லை. கை கழுவிவிட்டுப் போங்கள்.

குணம் தெரிந்து வைத்திருப்பதால் பெரிய லாபம், குணம் மாறுகிற நாளைக் கண்டுபிடித்துவிடலாம். இரையாகிற பிராணி நோயை மறைக்கும். மொச்சை கொத்தமல்லிக்கு எழுந்து வரவில்லை என்றால் எனக்கு அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தால் குடல் நின்றுபோகும் அபாயம் உண்டு, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாராவாரம் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். பென்சிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றி செத்தே போகலாம். நாய் பூனையே அதிகம் பார்க்கிற மருத்துவரானால் இதை நீங்களே நினைவுபடுத்துங்கள், தப்பாக நினைக்கமாட்டார்.

"சோம்பேறி" என்று சொல்லப்படுவதும் பல நேரம் நோய்தான். மனிதனைப் போலவே இதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கினிப்பன்றிக்கு வெறும் தானியம் கொடுத்து, இந்த வைட்டமின் குறைந்தால் வரும் ஸ்கர்வி நோயை வரவைத்ததில்தான் அந்த வைட்டமினைப் பற்றிய ஆராய்ச்சியே சூடுபிடித்தது. பற்றாக்குறை வந்தால் மூட்டு வலித்து நகராது, நொண்டும். தினமும் ஒரு துண்டு குடைமிளகாயும் கொத்தமல்லியும் கொடுத்தால் பிரச்சினை வராது. தண்ணீரில் கரைக்கிற சொட்டு மருந்து சீக்கிரமே வீரியம் இழந்துவிடும், காசுக்குக் கேடு. மற்றபடி எப்போதும் வாயருகே புல் இருக்கவேண்டும், இருபது பல்லும் வளர்ந்துகொண்டே இருப்பவை. பாக்கெட்டில் வரும் காய்ந்த புல் விலை அதிகம். அதனால் கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் பிள்ளையாருக்கு ஒரு கட்டு, இவர்களுக்கு இரண்டு கட்டு என்று அருகம்புல்லும் வாங்கி, நன்றாகக் கழுவிப் போடுகிறேன்.

சென்னைக் கோடை தனிக் கதை. இருபத்தெட்டு டிகிரிக்கு மேலேயே இதற்குத் தாங்காது, வியர்க்கவும் செய்யாது. காலை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது நிம்மதியின் அடையாளம். ஆனால் மே மாதம் மத்தியானம் அப்படிக் கிடந்து, மூச்சு வாங்கி, வாயோரம் எச்சில் ஒழுகினால் அது வெப்பத் தாக்கு. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றியபடி மருத்துவரிடம் ஓடுங்கள். தினசரிக்கு கிரானைட் துண்டு ஒன்றும், உறைய வைத்துத் துணி சுற்றிய தண்ணீர் பாட்டில் ஒன்றும் கூண்டில் போட்டு, கூண்டை ஏசி அறைக்கு மாற்றிவிடுங்கள்.

இந்த விடுமுறைக்கு என்னிடம் விட்டுப் போகிறவர்களுக்கு: ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். எடை எழுதிய காகிதத்தைக் கூடவே கொடுங்கள். சாப்பிடக் கூப்பிடும்போது என்ன சத்தம் போடுவீர்கள் என்று சொல்லுங்கள். கூண்டைத் துடைத்துப் பளபளவென்று தராமல், அதன் வாசனை ஊறிய பழைய துணி ஒன்றை உள்ளேயே விட்டுவையுங்கள். கொத்தமல்லியை நான் பார்த்துக்கொள்கிறேன்.