வேலைப் பட்டியலை மேலிருந்து எழுதுவது எப்படி: அரிஸ்டாட்டில் காட்டும் வழி

காலையில் பன்னிரண்டு வேலைகளை எழுதி, மாலைக்குள் ஒன்பதை முடித்த பிறகும் முக்கியமான வேலை அப்படியே கிடக்கிறதா? பெரும்பாலும் அதற்குச் சோம்பல் காரணமில்லை. நோக்கத்தைக் கேட்காமல் வேலைகளை எழுதத் தொடங்கியதுதான் கோளாறு.

கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் தருகிறார். கடிவாளம் செய்வது குதிரையேற்றத்துக்காக. குதிரையேற்றம் படை நடத்துவதற்காக. இந்தக் கடைசி நோக்கத்தைக் கிரேக்கத்தில் 'டெலோஸ்' என்பார்கள்.

ஒரு தாள், ஒரு பேனா போதும். முதல் நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிவிட்டால் பத்து நிமிடம்தான்.

படி 1: 'எதற்காக?' என்று மேலே ஏறுங்கள்

பட்டியலில் அதிக நேரம் தின்னும் வேலையை எடுங்கள். 'வாராந்திர விற்பனை அறிக்கை' என்று வைத்துக்கொள்வோம். எதற்காக? மேலாளர் பார்ப்பதற்காக. அவர் எதற்காகப் பார்க்கிறார்? அடுத்த வாரம் எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது என்று முடிவெடுக்க. அது எதற்காக? சரக்கு தேங்காமலும் தீர்ந்துபோகாமலும் இருக்க.

இப்போது அறிக்கையைப் பாருங்கள். அந்த முடிவை எடுக்க இருப்பு, விற்பனை வேகம், தீரப்போகும் பொருட்கள் என்று மூன்று வரி போதும். இருபது பக்கமும் வண்ண வரைபடங்களும் தேவையே இல்லை. ஒரு வேலையை எங்கே நிறுத்துவது என்று அதன் நோக்கம்தான் சொல்லும். இந்த முறையில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, 'பணத்துக்காக' என்று எழுதி நின்றுவிடுவது. செல்வம் வேறொன்றுக்குப் பயன்படும் பொருள்தான், அதுவே முடிவான நன்மை ஆகாது என்கிறார் அரிஸ்டாட்டில். அதனால் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாவது, உச்சி வரை ஏறிவிடுவது. எல்லாச் சங்கிலியும் 'யூடைமோனியா'வில் போய் முடியும். மகிழ்ச்சி என்று இதை மொழிபெயர்ப்பதுண்டு. நன்றாக வாழ்வது, நன்றாகச் செயல்படுவது என்பதே நெருக்கமான பொருள். எல்லா வேலைக்கும் அதுவே விடையானால், எது முந்தி எது பிந்தி என்று பிரிக்க முடியாது. அதற்கு ஒரு படி கீழே நின்றுகொள்ளுங்கள்.

படி 2: 'எப்படி?' என்று கீழே இறங்குங்கள்

சரக்கு தீராமல் இருக்க வேண்டும். எப்படி? சரியான அளவில் வாங்கினால். அளவு எப்படித் தெரியும்? இன்றைய இருப்பு தெரிந்தால். அது எப்படித் தெரியும்? கிடங்குக்கு ஒரு போன் போட்டால். உங்கள் கையால் இப்போதே செய்யக்கூடியது வந்ததும் நிறுத்துங்கள். யோசனையில் கடைசியாக வருவதே செயலில் முதலாவது என்பது அரிஸ்டாட்டிலின் கணக்கு. அந்த இரண்டு நிமிட வேலை காலையில் எழுதிய பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

படி 3: உங்கள் கையில் இல்லாததை மாற்றி எழுதுங்கள்

அடிமையாக இருந்து பின்னாளில் நிக்கோபோலிஸில் தத்துவம் கற்பித்தவர் எபிக்டெட்டஸ். நம் வசம் இருப்பது, இல்லாதது என்று பிரிப்பதுதான் அவர் தரும் முதல் பாடம். 'மேலாளரிடம் ஒப்புதல் வாங்குவது' உங்கள் வசம் இல்லை. '11 மணிக்குள் மூன்று வரியை அனுப்புவது' உங்கள் வசம் இருக்கிறது. அதனால் அப்படியே எழுதுங்கள்.

படி 4: வளைந்த பக்கத்துக்கு எதிராக இழுங்கள்

தெரிந்தும் செய்யாமல் போவதைக் கிரேக்கத்தில் 'அக்ராசியா' என்பார்கள். பட்டியல் சரியாக இருந்தும் நாள் வீணாவது இதனால்தான். வளைந்த மரத்தை நிமிர்த்த எதிர்ப்பக்கம் இழுப்பதுபோல, நம் சாய்வுக்கு எதிராகக் கொஞ்சம் அதிகமாகவே போகச் சொல்கிறார் அரிஸ்டாட்டில். அடிக்கடி மின்னஞ்சல் பார்ப்பவரா? ஒரு வாரம் நாளுக்கு இரண்டே முறை திறங்கள். ஆராய்ந்துகொண்டே இருப்பவரா? பாதி தயாரானதும் அனுப்பிப் பழகுங்கள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது.

இரவில்

பித்தாகரஸ் மரபில் வந்த 'பொன்வரிகள்' என்ற பழைய கிரேக்கச் செய்யுள் வரிகள் தூங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கின்றன: எங்கே தவறினேன்? என்ன செய்தேன்? செய்ய வேண்டியதில் எதை விட்டேன்? மூன்றாவதற்கு வரும் விடையை மட்டும் மறுநாள் தாளின் முதல் வரியில் எழுதி, அதிலிருந்து படி 1-ஐத் தொடங்குங்கள்.