ஹோஸ் பைப் தடைக் காலத்தில் மழைநீரில் ஹாட் டப் நிரப்ப

இங்கிலாந்தில் வரட்சி நேரத்தில் தண்ணீர் நிறுவனங்கள் போடும் ஹோஸ் பைப் தடை என்பது குழாய்த் தண்ணீருக்குத்தான். கூரையில் விழுந்து உங்கள் தொட்டியில் சேர்ந்த மழைநீரை நீங்கள் தாராளமாகப் பாவிக்கலாம். குழாய்த் தண்ணீரை ஹோஸால் விட்டு நிரப்பினால் 1000 பவுண் வரை அபராதம் வரலாம். உங்கள் பகுதித் தண்ணீர் நிறுவனத்தின் விதிகளையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நாங்கள் தென் லண்டனில் இருக்கிறோம். இங்கே 2022 ஆகஸ்ட் 24 அன்று எங்கள் தண்ணீர் நிறுவனமான தேம்ஸ் வாட்டரின் தடை தொடங்கியது. மறுநாளே இடியோடு மழை கொட்டியது. அம்மாவின் முழங்கால் வலிக்காக வாங்கிய, சுடுநீரில் உட்காரும் காற்றடிக்கும் ஹாட் டப் அப்போது வெறுமையாகக் கிடந்தது. அன்றிலிருந்து அதற்கு மழைநீர்தான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லீற்றர். எங்கள் பின்பக்கக் கூரை ஏறத்தாழ 30 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 300 லீற்றர் வரவேண்டும்; சிந்துவது, ஓடு உறிஞ்சுவது எல்லாம் போக 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் 210 லீற்றர் தொட்டி அதிலேயே நிரம்பிவிடும். எங்கள் டப் 800 லீற்றர் பிடிக்கும். அதனால் நாலு தொட்டிகளை மேல் விளிம்பருகே குழாயால் ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் 1000 லீற்றர் ஐபிசி தாங்கி (இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் பெரிய பிளாஸ்டிக் தாங்கி) இன்னும் வசதி. ஆனால் முன்பு அதில் உணவுப்பொருள்தான் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

கூரை ஓடாக இருந்தால் நல்லது. ஈயத் தகடு அதிகம் உள்ள கூரை, பாசி கொல்லி அடித்த கூரை, தார் ஃபெல்ட் போட்ட ஷெட் கூரை ஆகியவற்றின் தண்ணீர் தோட்டத்துக்குப் போகட்டும்.

வெயில் காலத்துக்குப் பிறகு வரும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். பீலியிலிருந்து இறங்கும் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்: சாயம் போல மண்ணிறம், மேலே பாசித் துணுக்குகள், அடியில் புறா எச்சமும் கறுப்பு மணலும். கொஞ்ச நேரத்தில் வாளியின் அடி தெரிய ஆரம்பிக்கும். அப்புறம்தான் நான் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்புவேன். தொட்டிக்கு மூடி கட்டாயம். நுளம்பும் பாசியும் வராது.

டப்பைச் சமதளத்தில் வையுங்கள். நிரம்பினால் தண்ணீர் மட்டும் 800 கிலோ. தொட்டிக்குள் இறக்கும் சிறு பம்பை அடியில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டால் கசடு கலங்காது. ஹோஸின் வாயில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டுகிறேன். பம்புக்கு ஆர்சிடி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பாதுகாப்புள்ள சொக்கற் வேண்டும்.

இனித்தான் உண்மையான வேலை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அந்தத் தண்ணீரில் பறவை எச்சத்தின் கிருமிகள் இருக்கலாம். கடும் நுரையீரல் அழற்சியைத் தரும் லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரை நன்றாகப் பெருகும். டப்பின் சூடு சரியாக அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே குளோரின் போடுவதற்கு முன் ஹீட்டரைத் தொடவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மழைநீர் மிகவும் மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மையும் உண்டு. அப்படியே விட்டால் பிஎச் (அமில, கார அளவு) நிலையாக நிற்காது, ஹீட்டரின் உலோகத்தையும் அரிக்கும். முதலில் அப்பச்சோடா. 800 லீற்றருக்கு 14 கிராம் போட்டால் காரத்தன்மை ஏறத்தாழ 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கூடும். சோதனைத் தாளில் 80 முதல் 120 வரை வரவேண்டும். மழைநீரில் ஏறக்குறைய எதுவுமே இருக்காது என்பதால் 110 கிராம் அளவில் தொடங்குங்கள். பிஎச் 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிற்கட்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கல்சியம் கூட்டும் தூள் டப் கடைகளிலேயே உண்டு, நுரையும் குறையும்.

பிறகு ஹாட் டப்புக்கான குளோரின் குருணை. 56 சதவீத வகை என்றால் 15 கிராம், 800 லீற்றருக்கு 10 பிபிஎம் தரும். வாளியில் தண்ணீரை எடுத்து அதில் குருணையைப் போட்டுக் கரைத்து டப்பில் ஊற்றுங்கள்; குருணைமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். வேறு வகைக் குளோரினோடு கலக்கவே வேண்டாம். மூடியைத் திறந்து, ஹீட்டர் இல்லாமல் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். சில மணி நேரம் கழித்துச் சோதனைத் தாளில் நிறமே ஏறவில்லை என்றால், தண்ணீரில் இருந்த அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். திரும்பவும் போடுங்கள். இரவு முழுக்க நின்றும் குளோரின் தங்கினால் தண்ணீர் தயார். ஃபில்டரைக் கழற்றிக் கழுவிவிட்டுச் சூடாக்கலாம்.

குளோரின் 3 முதல் 5 பிபிஎம் வரை இறங்கிய பிறகே ஆள் இறங்கலாம். அம்மாவுக்கு 37 பாகை, கால் மணி நேரம், அவ்வளவுதான். பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் ஷவரில் குளித்தால் தண்ணீர் நீண்ட நாள் தாங்கும்; தடைக் காலத்தில் அடுத்த மழை எப்போது என்று யாருக்குத் தெரியும்.

மாற்றும் நேரம் வந்தால் குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து வையுங்கள். தாளில் பூச்சியம் காட்டிய பின் வாளியால் அள்ளிக் கழிப்பறைக்கும் புல்லுக்கும் ஊற்றலாம். கறிவேப்பிலைச் சட்டிக்கு மட்டும் நான் ஊற்றுவதில்லை.