ஆன்லைன் வேலை: நம்ம ஊர்ப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் சாயங்காலம் நாலைந்து பேருக்கு ஃப்ரீலான்ஸ் வேலை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சும் அதே குழிகளில்தான் விழுகிறது. புரொஃபைல் படம், எழுத்துப்பிழை பற்றியெல்லாம் யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். அதை விடுகிறேன்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் டேட்டா என்ட்ரி

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பி.காம். மாணவி ஒருத்தி. வாட்ஸ்அப்பில் வந்த வேலை. ஆதார் நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு ஒரு 'அக்ரிமென்ட்' அனுப்பினார்கள். 5 நாளில் 500 ஃபார்ம் டைப் செய்ய வேண்டும். 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும்.

அந்த ஃபார்ம் படத்தை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். பூஜ்யமா, ஆங்கில 'ஓ'வா என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டுமென்றே கலங்கலாக்கியது. கெடு முடிந்ததும் 'குவாலிட்டி ரிப்போர்ட்' வந்தது: ஃபெயில். அப்புறம் தராசு படம் போட்ட வக்கீல் நோட்டீஸ். ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், இன்று மாலைக்குள் பணம் கட்டு, இல்லாவிட்டால் கேஸ். வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். மறுவாரமே இன்னொரு 'வக்கீல்', இன்னொரு தொகை.

இவர்களுக்கு அபராதம்தான் வருமானம். டைப் செய்ததை ஒருவரும் படிப்பதில்லை. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். "இலையும் தூளும் கொடுக்கிறவர் உங்ககிட்ட எப்பவாச்சும் பணம் கேட்டிருக்காராம்மா?" என்றேன். "கேட்டா சும்மா விடுவோமா தம்பி?" என்றார். சரியில்லாத பீடியைக் கழிப்பார், கூலி குறையும், அதோடு சரி.

நோட்டீஸ் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். ஜிபே நம்பர் கொடுத்து எந்தக் கோர்ட்டும் அபராதம் வசூலிப்பதில்லை. பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் போய்விட்டதா? அடுத்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அது கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் கழித்துச் சொல்வதுதான் அவர்களுக்கு வசதி.

ஃப்ரீலான்ஸ் தளத்தில் இருக்கும் உங்கள் ஐடியை வாடகைக்கு விடுவது

கூடவே கூடாது. வாடகைக்கு எடுத்தவன் செய்யும் தில்லுமுல்லுக்கு உங்கள் பெயர்தான் மாட்டும்.

கமிஷனை மறந்து விலை சொல்வது

ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 1,000 ரூபாய் வேலைக்கு 800 தான். அதுவும் ஆர்டர் முடிந்த அன்றே கைக்கு வராது. புதியவர்களுக்கு 14 நாள் ஆகும். அதை நம்பி மறுநாள் வண்டி டியூ கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

ஃபைலைச் சாட்டில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது

அப்வொர்க் என்ற இன்னொரு தளத்தில் மொத்தமாகப் பேசிய வேலைக்குக் கிளையன்ட் முதலில் மைல்ஸ்டோனில், அதாவது வேலையின் அந்தக் கட்டத்துக்கான பணத்தைத் தளத்திடம், போட்டிருக்க வேண்டும். போடாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். முடித்ததும் சப்மிட் பட்டனை அழுத்துங்கள். அதன்பின் 14 நாள் அவர் வாயே திறக்காவிட்டாலும் பணம் தானாக உங்களுக்கு விடுவிக்கப்பட்டுவிடும். ஆற்காட்டுப் பையன் ஒருவன் லோகோவைச் சாட்டில் போட்டுவிட்டு, "இன்னும் பணம் வரலையே அண்ணா" என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். பட்டனை அழுத்தாதவரை அந்த 14 நாள் தொடங்கவே தொடங்காது.