பழைய கணக்கைக் காட்டி நேஷனாலித்தே மறுத்தால்: பாண்டியிலிருந்து ஒரு சித்தி எழுதுவது

அக்கா மகன் போன் செய்தபோது நான் முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். "சித்தி, இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றான். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிரான்ஸில் இருக்கும் அவன் நேஷனாலித்தே, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, கேட்டுப் போட்டிருந்த விண்ணப்பத்தின் பதில் கடிதத்துக்காகத்தான் இரண்டு வருடமாகக் குடும்பமே காத்திருந்தது. மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அது 2023 நவம்பர்.

நான் வக்கீல் இல்லை. தனியார் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவள் என்றால் தெருவில் இருக்கும் சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) குடும்பத்துப் பென்ஷன் கடிதம் எல்லாம் நம் வாசலுக்குத்தான் வரும். அப்படிப் படித்துப் படித்தே பிரெஞ்சு அரசாங்கத்தின் எழுத்து நடை பழகிவிட்டது. அக்கா மகனுக்காக ஒரு ரெகூர், அதாவது மேல்முறையீடு எழுதினேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் "நேஷனாலித்தே கிடைக்கல" என்று வருகிறவர்களில் பாதிப் பேரின் விஷயமே வேறு. தாத்தா பிரெஞ்சுக்காரர், பாண்டியை இந்தியாவுக்குக் கொடுத்த 1956 ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபின் கொடுத்த ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டார், அதனால் நானும் பிரெஞ்சு என்பது ஒரு வழி. அதற்குக் கேட்பது நேஷனாலித்தே சான்றிதழ். அதை மறுத்தால் ஆறு மாதத்துக்குள் சிவில் நீதிமன்றம் போக வேண்டும், வக்கீல் வேண்டும். அங்கே கேள்வி உங்கள் ரத்த உறவும் தாத்தாவின் கையெழுத்தும்தான். நீங்கள் எங்கே, எப்படித் தங்கியிருந்தீர்கள் என்ற கணக்கை வைத்து மறுப்பது இன்னொரு வழியில்: பிரான்ஸில் வாழும் வெளிநாட்டவர் அரசாங்கத்திடம் விண்ணப்பித்துப் பெறும் குடியுரிமை. நான் சொல்வது இதைப் பற்றி மட்டும்.

எங்கள் பையன் 2010இல் மூன்று மாத விசாவில் போனான். விசா முடிந்தும் திரும்பவில்லை. பாரிஸில் லா ஷாப்பெல் பக்கம் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினான், பிறகு சமையலுக்கு ஏறினான். 2012 நவம்பரில் வந்த சுற்றறிக்கை ஒன்று, ஐந்து வருடம் அங்கேயே இருந்து, கடைசி 24 மாதத்தில் 8 மாதம் வேலை செய்ததைக் காட்டினால் பாப்பியே, அதாவது தங்கும் அனுமதித் தாள், கொடுக்கலாம் என்று வழி வைத்திருந்தது. அந்த வழியில் 2015இல் கார்த், அதாவது தங்கும் அனுமதி அட்டை, வாங்கினான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. ஆனால் மறுப்புக் கடிதத்தில் காரணம் மூன்று வரிதான்: 2010 முதல் 2015 வரை அனுமதியின்றித் தங்கியிருந்தீர்கள், ஆகவே நிராகரிக்கிறோம்.

இப்படி ஒரு கடிதம் வந்தால் அழுவதற்கு முன் அதில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். ஒன்று, எந்தச் சொல் போட்டிருக்கிறது என்பது. 'இர்ரெசெவாப்ல்' என்றால் சட்டம் கேட்கும் அடிப்படைத் தகுதியே இல்லை என்கிறார்கள். 'ரெஜே' என்றால் நிராகரிப்பு. 'அஜூர்ன்மான்' என்றால் ஒத்திவைப்பு, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடம். அந்தக் காலம் முடிந்தபின் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும், பழைய ஃபைல் தானாக எழுந்து நடக்காது. சட்டவிரோதமாகத் தங்கியது இப்போதும் தொடர்ந்தால் அது நேரடித் தடை, எந்த ரெகூரும் உதவாது. முடிந்துபோன பழைய காலம் என்றால் அது தடை இல்லை, அதிகாரி எடை போட்டுப் பார்க்கும் விஷயம். அதனால்தான் அதை எதிர்த்து எழுத இடம் இருக்கிறது.

இரண்டாவது, தேதி. கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம். அதற்குள் ரெகூர் போகவில்லை என்றால் பிறகு நீதிமன்றக் கதவும் சாத்திக்கொள்ளும். இந்த ரெகூர் போடாமல் நேராக நீதிமன்றம் போகவும் முடியாது. ரெக்கமாந்தே (பதிவுத் தபால்) கடிதம் வந்து நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் போஸ்ட்மேன் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போவார். பதினைந்து நாளுக்குள் போய் வாங்கினால் வாங்கிய நாள்தான் கணக்கு. பயந்துகொண்டு வாங்காமலே விட்டால் சீட்டுப் போட்ட நாளிலிருந்தே கணக்கு ஓடும். எங்கள் பையன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டிருந்தான். திரும்பக் குப்பையில் தேடி எடுக்கவைத்தேன். உறையும் ஒரு சாட்சி.

ரெகூர் போவது மறுத்த பிரெபெக்சூருக்கு (மாவட்ட அளவிலான அரசு அலுவலகம்) இல்லை, உள்துறை அமைச்சருக்கு. குடியுரிமைப் பிரிவு நாந்த் பக்கத்தில் ரெசே என்ற ஊரில் இருக்கிறது. எப்படி, எங்கே அனுப்புவது என்று மறுப்புக் கடிதத்தின் கடைசியிலேயே போட்டிருப்பார்கள். அதை மட்டும் நம்புங்கள், யாரோ பார்வர்ட் செய்த பழைய விலாசத்தை நம்பாதீர்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் கிடையாது. விண்ணப்பித்தவர் தனக்கு விருப்பமான யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 1993ஆம் ஆண்டு ஆணையின் 45ஆம் பிரிவே சொல்கிறது. பாண்டியில் இருக்கும் சித்தியும் அந்த 'யாரையும்' என்பதில் அடக்கம்தானே.

அவன் முதலில் தானே ஒன்று எழுதி அனுப்பினான். நான்கு பக்கம். அப்பா இறந்தது, கடன், தங்கை கல்யாணம், குளிரில் தூங்கியது. படித்து நானே அழுதேன். ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் அன்றைக்கு அதுபோல் எத்தனையோ படித்திருப்பார். கூடவே, "எனக்குச் சட்டம் தெரியாது" என்று ஒரு வரி. அதை முதலில் அடித்தேன். குடியுரிமை கேட்கிறவன் சட்டம் தெரியாது என்று சொல்வது, சமையல் வேலைக்குப் போய் உப்பு எது சர்க்கரை எது என்று கேட்பது மாதிரி.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வருடவாரியாகக் கோடு போட்டோம். ஒவ்வொரு வருடத்துக்கும் எங்கே குடியிருந்தான், என்ன வேலை, எந்த கார்த், என்ன வரி, எந்தத் தாள் சாட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில்தான் இந்த வேலை, இங்கே மதியம், அவனுக்குக் காலை. மூன்று வாரம் பிடித்தது. இந்த அட்டவணை இல்லாமல் ரெகூர் எழுத உட்காராதீர்கள்.

அட்டவணையில் 2012, 2013 இரண்டுக்கும் அவன் பதில் சொல்லத் தயங்கினான். பிறகு சொன்னான்: வேறொருவர் கார்த்தைக் காட்டி, அந்தப் பெயரில் வேலை செய்திருக்கிறான். சம்பளச் சீட்டு எல்லாம் அந்தப் பெயரில். "இதைச் சொல்லாம விட்டுடலாமா சித்தி?" அங்கே பலர் செய்த காரியம்தான், ஆனாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சரி, 2015இல் கார்த் கேட்டபோது என்ன கொடுத்தாய் என்றேன். முதலாளியிடம் 'கொங்கோர்தான்ஸ்' சான்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பெயரில் வேலை செய்தவர் இவர்தான் என்று முதலாளி எழுதித் தரும் தாள். ஆக, அரசாங்கத்துக்கு எட்டு வருடமாக அது தெரியும். தெரிந்ததை மறைத்தால் பழைய தப்போடு புதிய பொய்யும் சேரும். குடியுரிமை விஷயத்தில் பழைய மீறலைவிட இன்றைய பொய் கனமானது. அதனால் அதையும் ஒரு வரியில், தேதியோடு, நாமாகவே எழுதினோம்.

கடைசியில் ரெகூர் ஒன்றே முக்கால் பக்கம் வந்தது. முதல் பத்தியில் எந்த முடிவை எதிர்க்கிறோம், அதன் தேதி, ஃபைல் எண். அடுத்து, தங்கியது தப்பு என்று நேரடியாக ஒப்புக்கொள்ளும் இரண்டு வாக்கியம். அதன் பிறகு வாதம். அந்த மீறல் முடிந்து எட்டு வருடம் ஆகிறது. அதை முடித்துவைத்தது இதே அரசாங்கம், எல்லாம் தெரிந்துதான் கார்த் கொடுத்தது. வெளியேறச் சொல்லும் உத்தரவு எதுவும் அவனுக்கு எப்போதும் வந்ததில்லை, எனவே எதையும் மீறவும் இல்லை. பாப்பியே இல்லாத காலத்திலேயே 2013, 2014க்கு வருமானக் கணக்குக் காட்டியிருக்கிறான். போலீஸ் பதிவு எதுவும் இல்லை. 2016 முதல் ஒரே இடத்தில் நிரந்தர வேலை. இத்தனையும் ஒரு பக்கம் இருக்க, பழைய காலத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தது மதிப்பீட்டில் வெளிப்படையான பிழை என்று முடித்தோம். 'வெளிப்படையான மதிப்பீட்டுப் பிழை' என்பது அவர்கள் சட்டத்தின் சொல். குடியுரிமை தருவது அரசாங்கத்தின் சலுகை, விண்ணப்பித்தவரின் உரிமை இல்லை என்பது அங்கே நிலைப்பாடு. அதனால் பின்னால் நீதிமன்றம் போனாலும் நீதிபதி அந்த மாதிரிப் பிழை இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார். அதை ரெகூரிலேயே நட்டு வைப்பது நல்லது.

வெளியேறும் உத்தரவு வந்து அதை மதிக்காமல் இருந்தவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும், அவர்கள் வக்கீலைப் பார்ப்பதே சரி. அதேபோல், தனக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தும், மனைவியை முறைப்படி அழைக்காமல் விசிட் விசாவில் கூட்டிப்போய் வைத்துக்கொண்டதால் மறுக்கப்பட்ட ஒருவரின் கடிதத்தையும் நான் படித்திருக்கிறேன். அடுத்தவர் சட்டவிரோதமாகத் தங்க உதவியது என்று அதற்குப் பெயர். பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொள்வது உதவியா என்று அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். கடிதம் எழுதியது நானா?

இணைத்த தாள்கள்: கார்த் எல்லாவற்றின் இரண்டு பக்க நகல், வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டுகள், வரி நோட்டீஸ்கள், வரிபாக்கி இல்லை என்பதைக் காட்டும் பே 237 (P237) என்ற தாள். இதை வரி அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். வரி தாமதமாகக் கட்டியதே தனியாக ஒரு மறுப்புக் காரணமாக வரும் என்பதால் இதை விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ரெகூரில் அந்த எண்ணைக் குறிப்பிட்டோம்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். பிறப்புச் சான்றில் ஒரு பெயரும் இனிஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பழைய சம்பளச் சீட்டில் இரண்டும் தலைகீழாக. பிரெஞ்சு அதிகாரிக்கு இது மூன்று மனிதர்கள். நான் நகராட்சிக்குப் போய்ப் புதிய பிறப்புச் சான்று வாங்கி, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்தில் என்ற அரசு முத்திரை போடவைத்து அனுப்பினேன். மொழிபெயர்ப்பை அங்கே உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்ய வேண்டும், என் பிரெஞ்சு அதற்குச் செல்லாது. அப்போஸ்தில் வேலை இழுக்கும், எனவே இரண்டு மாதத்தில் முதல் வாரமே அதைத் தொடங்கிவிடுங்கள்.

ஜனவரி முதல் வாரம் ரெக்கமாந்தேயில் போனது. நான்கு மாதம் பதிலே வராவிட்டால் அதுவே மறுப்பு என்று சட்டம். அந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நாந்த் நிர்வாக நீதிமன்றம். நீங்கள் பிரான்ஸின் எந்த மூலையில் இருந்தாலும் நாந்த்தான். அங்கேயும் முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை, இணையத்தில் நேரடியாகவே மனுப் போடலாம். வக்கீல் வேண்டும், பணம் இல்லை என்றால் அரசாங்கச் சட்ட உதவிக்கு அந்த இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் கெடு நின்று, முடிவு வந்தபின் மறுபடி தொடங்கும். ஜெயித்தாலும் நீதிபதி கையில் பாஸ்போர்ட் தரமாட்டார். முடிவை ரத்து செய்து மறுபடி பார்க்கச் சொல்வார், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. நிராகரிப்பை எடுத்துவிட்டு இரண்டு வருட ஒத்திவைப்பாக மாற்றியிருந்தார்கள், முதல் முடிவின் தேதியிலிருந்து கணக்கு. அக்காவுக்கு ஏமாற்றம். நீதிமன்றம் போகலாம் என்றான் பையன். எனக்கு அது வீண் என்று பட்டது. வழக்கு முடியும் முன்பே அந்த இரண்டு வருடம் ஓடிவிடும், அதில் ஆறு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. சும்மா இருந்து புதிதாகப் போடு என்றேன். நிராகரிப்பே நின்றிருந்தால் நான் நாந்த் போகத்தான் சொல்லியிருப்பேன்.

இடையில் 2025 மே மாதம் அப்போதைய உள்துறை அமைச்சர் ரெத்தாயோ பிரெபெக்சூர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். வேலை, மொழி, பழைய சட்டவிரோதத் தங்கல் எல்லாவற்றையும் இன்னும் கறாராகப் பார்க்கச் சொல்லி. 2026 ஜனவரி 1 முதல் மொழித் தகுதி பே 1 (B1) நிலையிலிருந்து பே 2 (B2) நிலைக்கு ஏறியது, குடிமைத் தேர்வு ஒன்றும் சேர்ந்தது. எங்கள் இரண்டு வருடம் 2025 நவம்பரில் முடிந்தது. டிசம்பர் இரண்டாம் வாரமே, பழைய மொழிச் சான்றிதழ் செல்லும்போதே, விண்ணப்பத்தைப் போட்டுவிட்டான். அதில் 2010 முதல் 2015 வரையிலான பகுதியை, அந்த அட்டவணையைப் பார்த்து, ஒரு தேதி மாறாமல் அப்படியே நிரப்பினான்.

அட்டவணையின் மூலப் பிரதி என் பீரோவில் இருக்கிறது. போன ஞாயிறு கூப்பிட்டு, நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று கேட்டான். வாராவாரம் அரை மணி நேரம் பழக்கிக்கொண்டிருக்கிறேன். 2012 என்று வரும்போது இன்னும் குரல் இறங்குகிறது, அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.