ஸ்டூடன்ட்ஸ் மனநலத்துல ரிசர்ச் பண்ணப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

யுனிவர்சிட்டி பசங்களோட தூக்கம், சாப்பாடு, குடி, சிகரெட், உடற்பயிற்சி, மனநலம்னு இதுல ஆராய்ச்சி பண்றவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க. நல்ல விஷயம்தான், ஏன்னா வாழ்க்கையில வர்ற மனநலப் பிரச்சனைகள்ல முக்கால்வாசி 24 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடுதுன்னு அமெரிக்காவுல கெஸ்லர்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 2005லயே காட்டியிருக்காங்க. ஆனா எதை முதல்ல ஆராயணும்னு முடிவு பண்ற இடத்துலயே பாதி பேர் சறுக்கிடறாங்க.

முதல் தப்பு, பசங்களைக் கேக்காமலே தலைப்பை முடிவு பண்றது. கைடுக்கு எதுல ஆர்வம், ஃபண்டிங் எதுக்குக் கிடைக்கும், எது சீக்கிரம் பேப்பராகும்னு பாத்து எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியில ரெண்டு ஸ்டூடன்ட்ஸை கமிட்டியில உக்கார வைக்கிறாங்க, அது கேட்டதா ஆகாது. பிரிட்டன்ல 2004ல ஆரம்பிச்ச ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸோட முறையைப் பாருங்க, நோயாளிங்க, அவங்களைப் பாத்துக்கறவங்க, டாக்டருங்க எல்லாரும் சேர்ந்து இன்னும் பதில் கிடைக்காத கேள்விகளைத் திரட்டி, ஏற்கனவே ஆய்வுல பதில் இருக்கறதைக் கழிச்சிட்டு, மீதியில முக்கியமான பத்தைத் தேர்ந்தெடுப்பாங்க. அதே மாதிரி ஸ்டூடன்ட்ஸ், கவுன்சிலருங்க, வார்டன், ஆசிரியர்கள்னு உக்கார வச்சுப் பண்ணலாமே. யூனியன் தலைவர்களை மட்டும் கூப்பிடாதீங்க. வேலை பாத்துக்கிட்டே படிக்கறவங்க, மாற்றுத்திறனாளிங்க, வெளிநாட்டுலருந்து வந்தவங்க, முக்கியமா பாதியில படிப்பை விட்டவங்க, இவங்க குரல்தான் எப்பவும் விட்டுப்போகுது.

அடுத்தது, 'எத்தனை பேருக்கு மன அழுத்தம்'னு திரும்பத் திரும்ப சர்வே எடுக்கறது. உலக சுகாதார நிறுவனத்தோட கல்லூரி மாணவர் ஆய்வு 2018ல வந்துச்சு, 8 நாடு, 19 கல்லூரி, கிட்டத்தட்ட 14,000 முதல் வருஷ மாணவர்கள், அதுல சுமார் 35% பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது ஏதோ ஒரு மனநலப் பிரச்சனை இருந்திருக்குன்னு தெரிஞ்சுது. பிரச்சனை பெருசுன்னு தெரிஞ்சுபோச்சு, இனி தெரிய வேண்டியது பசங்க ஏன் உதவி கேக்க வர்றதில்ல, எந்த உதவி யாருக்கு வேலை செய்யுது, அந்தப் பலன் அடுத்த வருஷமும் நிக்குதாங்கறதுதான்.

பிஹெச்க்யூ-9னு டிப்ரஷன் அறிகுறிகளைக் கேக்கற 9 கேள்வி கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, அதுல 10 இல்ல அதுக்கு மேல ஸ்கோர் வந்தா 'இவருக்கு டிப்ரஷன்'னு எழுதிடறாங்க, தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க. அது ஸ்க்ரீனிங் மட்டும்தான், உறுதிப்படுத்த நேர்ல பேசிப் பாக்கணும். அது கேக்கறதும் கடைசி 2 வாரத்தைப் பத்திதான், ஸோ பரீட்சை சமயத்துல எடுத்ததையும் செமஸ்டர் ஆரம்பத்துல எடுத்ததையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா ஒண்ணும் புரியாது.

இதுல எனக்கு ரொம்ப பயமா இருக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கேள்வித்தாள்ல 9வது கேள்வி, செத்துப்போயிடலாம்னோ தன்னைக் காயப்படுத்திக்கணும்னோ தோணுதான்னு கேக்குது. ஒரு பையன் 'கிட்டத்தட்ட தினமும்'னு டிக் பண்றான், அந்த ஃபார்ம் எக்ஸெல்ல மூணு மாசம் யாரும் பாக்காம கிடக்குதுன்னா அதை எப்படி ஏத்துக்கறது? பேர் தெரிஞ்ச சர்வேன்னா அன்னைக்கே யார் பாக்கறது, யார் போன் பண்றது, எங்க அனுப்பறதுன்னு சர்வே தொடங்கறதுக்கு முன்னாடியே முடிவாகியிருக்கணும், கவுன்சிலருக்கும் தெரிஞ்சிருக்கணும். பேர் கேக்காத சர்வேன்னா உதவி எண்களை எல்லாருக்கும் காட்டுங்க. இந்த ஏற்பாடு இல்லைன்னா அந்தக் கேள்வி இருக்கற கேள்வித்தாளை எடுக்கவே எடுக்காதீங்க.

தூக்கம் கெட்டதால மனசு சரியில்லையா, மனசு சரியில்லாததால தூக்கம் போச்சான்னு ஒரே தடவை எடுத்த சர்வேயால சொல்ல முடியாது, ரெண்டு பக்கமும் நடக்கும். அதே ஆளுங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பாத்தாதான் எது முதல்ல வந்துச்சுன்னாவது தெரியும். குடி, தூக்கம், பதட்டம்னு தனித்தனியா பிரிச்சு ஆராயறதும் தப்புதான், ஏன்னா ஒரே ஆள்கிட்ட எல்லாம் பின்னிக் கிடக்கும்.

அப்புறம் எல்லா பழியையும் மாணவர் மேலயே போடறது. ஒரே வாரத்துல நாலு அசைன்மென்ட் டெட்லைன் வச்சிட்டு தியானம் பண்ணச் சொல்லி ஆராய்ச்சி பண்ணா என்ன அர்த்தம்? டைம்டேபிள், ஃபீஸ், ஹாஸ்டல், மார்க் போடற முறை இதெல்லாமும் ஆய்வுக்கு உரிய விஷயம்தான். யுனிவர்சிட்டி, கல்லூரிகள்ல ஆரோக்கியத்தை வளக்கறதுக்காக 2015ல வந்த சர்வதேச ஒகனாகன் சாசனமும் ஆரோக்கியத்தை நிர்வாகம், படிப்புன்னு கேம்பஸோட எல்லா அம்சத்துலயும் சேக்கணும்னுதான் சொல்லுது.

முடிவு வந்ததும் ஜர்னலுக்கு அனுப்பிட்டு மறந்துடாதீங்க, பதில் சொன்ன பசங்களுக்கு அவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க, அதுல யுனிவர்சிட்டி எதை மாத்த ஒத்துக்கிச்சு, எதை ஒத்துக்கலைங்கறதும் இருக்கணும்.