கார் சீட்டை எப்போது முன்பக்கம் திருப்பலாம்? பிறந்தநாளை விடுங்கள், ஸ்டிக்கரைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் இந்தத் தமிழக எல்லையோர ஊர்களில் குழந்தைக்குக் கார் சீட் வாங்குகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. வாங்கிய புதிதில் எல்லாரும் ஒழுங்காகத்தான் மாட்டுகிறார்கள். குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்திருக்கும், முதுகு முன்பக்கம் இருக்கும். முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய கையோடு சீட்டைத் திருப்பிவிடுகிறார்கள். கேட்டால், "அதான் ஒரு வயசாச்சே" என்பார்கள்.

அந்த ஒரு வயதுக்கு இங்கே வேலையே இல்லை. பின்பக்கம் பார்த்து உட்கார எத்தனை கிலோ வரை, எவ்வளவு உயரம் வரை அனுமதி என்று சீட்டைத் தயாரித்தவர் குறித்திருப்பார். குழந்தை அந்த வரம்பைத் தொடும்வரை திருப்ப வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் 'இரண்டு வயது வரை பின்பக்கம்' என்று சொன்னது. 2018-இல் அந்த வயதையும் எடுத்துவிட்டு, 'சீட்டின் வரம்பு வரை' என்று மாற்றிக்கொண்டது.

காரணம் கழுத்து. சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. கழுத்தில் இருக்கும் எலும்புகள் இன்னும் துண்டு துண்டாக, குருத்தெலும்பால் இணைந்து கிடக்கும். அவை ஒன்றாகச் சேர்ந்து கெட்டியாக மூன்று முதல் ஆறு வயது வரை ஆகும். கார் எதிலாவது முட்டி நிற்கும்போது, முன்பக்கம் பார்த்த குழந்தையின் தோளைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் பாயும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில்தான் விழும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு உள்ளங்கையில் ஏந்துவது போலத் தாங்கிக்கொள்ளும்.

இந்த யோசனை சுவீடனில் 1960-களில் பிறந்தது. அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் விண்வெளி வீரர்கள் மல்லாந்து உட்காரும் இருக்கையைப் பார்த்துத்தான் பெர்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர் பின்பக்கம் பார்க்கும் முதல் குழந்தை சீட்டை வடிவமைத்தார். அங்கே நான்கு வயது வரைகூடப் பிள்ளைகள் பின்பக்கம் பார்த்துத்தான் போகிறார்கள். சரி, நம் வேலைக்கு வருவோம்.

முதல் படி: ஸ்டிக்கரைத் தேடுங்கள்

சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதில் ஆர்44/04 (R44/04) என்ற பாதுகாப்புத் தரம் போட்டிருந்தால் வரம்பு கிலோவில் இருக்கும். ஆர்129 அல்லது ஐ-சைஸ் என்றிருந்தால் சென்டிமீட்டரில் உயரமும், கூடவே அதிகபட்ச எடையும் இருக்கும். இந்தியாவின் ஏ.ஐ.எஸ்.072 தரமும் ஆர்44-ஐ ஒட்டியதுதான். ஸ்டிக்கரே இல்லாத சீட் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

எல்லாரும் குழம்புகிற இடம் இதுதான். பிறந்ததிலிருந்து நாலைந்து வயது வரை வருகிற ஆர்44 சீட்டுகள் பலவற்றில் இரண்டு கணக்கு இருக்கும்: பின்பக்கம் 0 முதல் 13 கிலோ, முன்பக்கம் 9 முதல் 18 கிலோ. அந்த 9-ஐப் பார்த்ததும் 'ஒன்பது கிலோ ஆனால் திருப்பணும்' என்று படித்துவிடுகிறோம். ஒன்பதுக்குக் கீழே திருப்பவே கூடாது என்பது மட்டும்தான் அதன் பொருள். நாம் காத்திருக்க வேண்டியது 13-க்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, நடுத்தரமாக வளரும் ஆண் குழந்தை ஒரு வயதில் 9.6 கிலோ, இரண்டு வயதில் 12.2 கிலோ இருக்கும். பெண் குழந்தை இரண்டு வயதில் 11.5. எடையை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டு வயது தாண்டியும் பின்பக்கமே போகலாம்.

ஐ-சைஸ் சீட்டில் சட்டமே கொஞ்சம் கண்டிப்பு: 15 மாதம் முடியாமல் முன்பக்கம் திருப்பக் கூடாது. அதுவும் குறைந்தபட்சம்தான்.

இரண்டாம் படி: எடையும் தலையும்

எடை பார்க்க அங்கன்வாடி போதும். மாதாமாதம் எடை போட்டு எழுதித் தருகிறார்கள், அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். வீட்டில் எடை மெஷின் இருந்தால் நீங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை நின்று, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தலை. குழந்தையைச் சீட்டில் உட்காரவைத்து, உச்சந்தலைக்கும் ஓட்டின் மேல் விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஹெட்ரெஸ்ட் ஏற்றி இறக்குகிற மாதிரி என்றால், அதை முழுக்க ஏற்றிய பிறகு பாருங்கள். ஒரு அங்குலமாவது, அதாவது 2.5 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும். எடை வரம்பு வராமலே தலை அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் அந்தச் சீட்டில் பின்பக்கக் காலம் முடிந்தது. எடை, தலை இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

காலைப் பார்க்காதீர்கள். "கால் மடங்கிப் போய்க் கெடக்குது பாரு, பாவம், திருப்பி உடு" என்று அம்மிச்சி சொல்வார், அப்பத்தாவும் சேர்ந்துகொள்வார். கால் மடங்குவது குழந்தைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சம்மணம் போட்டோ, சீட் முதுகில் காலைத் தூக்கி வைத்தோ உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்களிடம் வாதாடுவதை விட, "டாக்டர் சொல்லியிருக்காரு அம்மிச்சி, கழுத்துக்காகத்தான்" என்று முடித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான டாக்டர்கள் இதைத்தான் சொல்வார்கள், பொய்யும் ஆகாது.

கார் சின்னது, இடம் போதவில்லை என்பதும் பலர் சொல்லும் காரணம். டிரைவருக்குப் பின்னால் மாட்டியிருந்தால், இடதுபக்கப் பின்சீட்டுக்கு மாற்றி, முன்பக்கப் பயணி சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள். சாலையோரம் நின்று குழந்தையை ஏற்றி இறக்கவும் அந்தப் பக்கம்தான் வசதி.

அழுகையும் வாந்தியும் தனி விஷயம். நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதி ஏறும் வளைவுகளில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சில பிள்ளைகளுக்குக் குமட்டும். கிளம்புவதற்கு முன் வயிறு நிறையப் பால் கொடுக்காமல், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, அங்கங்கே நிறுத்திப் போங்கள். இதை முயன்று பார்க்காமல் சீட்டைத் திருப்ப வேண்டாம்.

அழுகிறது என்று மடியில் எடுக்கிற வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். யார் கையிலும் அது நிற்காது.

மூன்றாம் படி: திருப்பி மாட்டுவது

வரம்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சீட்டை முழுவதுமாகக் கழற்றி வெளியே எடுங்கள். வண்டிக்குள் வைத்துக்கொண்டே திருப்பப் பார்த்தால் ஏதாவது ஒன்றை மறந்துவிடுவோம்.

படுத்த நிலையில் இருக்கும் சாய்மானத்தை, முன்பக்கத்துக்கு என்று கையேட்டில் காட்டியிருக்கும் நிமிர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறந்த குழந்தைக்காகப் போட்ட சின்னத் தலையணை உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு தோள்பட்டை. பின்பக்கம் பார்க்கும்போது தோள் பெல்ட் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்பக்கம் பார்க்கும்போது தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். திருப்புகிறவர்கள் அதிகமாக விட்டுவிடுவது இதைத்தான். சில சீட்டுகளில் பெல்ட்டைப் பின்னாலிருந்து உருவி மேல் துளையில் கோக்க வேண்டியிருக்கும், பத்து நிமிட வேலை.

காரின் பெல்ட்டால் கட்டுகிற சீட் என்றால், பெல்ட் போகும் வழி நிறத்தால் குறித்திருக்கும். நீலம் பின்பக்கத்துக்கு, சிவப்பு முன்பக்கத்துக்கு. இப்போது சிவப்பு வழியில் கோத்து, முழங்காலைச் சீட்டில் ஊன்றி அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுங்கள். காரில் உள்ள உலோக வளையங்களில் நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் சீட் என்றால் இரண்டு கொக்கியும் 'க்ளிக்' என்று விழ வேண்டும். காட்டும் நிறம் பச்சையாகிவிட்டதா என்றும் பாருங்கள். அதோடு மேல்பக்கம் ஒரு நாடா இருக்கும். பின்சீட்டின் முதுகிலோ டிக்கியிலோ நங்கூரப் படம் போட்ட வளையத்தில் அதை மாட்டி இறுக்க வேண்டும். முன்பக்கம் பார்க்கும் சீட்டில் தலை அதிகமாக முன்னால் போகாமல் தடுப்பது அந்த நாடாதான், சோம்பலில் விட்டுவிடாதீர்கள். டிக்கியில் சாமான் கட்டுவதற்கென்று வேறு கொக்கிகளும் இருக்கும், அதில் மாட்டக் கூடாது.

பெல்ட் கோத்த இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் மறுபடி இறுக்குங்கள்.

நான்காம் படி: குழந்தையைக் கட்டுவது

பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் படிய வேண்டும். கட்டி இறுக்கியதும் தோள்பட்டை அருகே இரண்டு விரலால் பெல்ட்டைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகப் பிடிக்க வந்தால் தளர்வு என்று அர்த்தம். ஸ்வெட்டர், சால்வை எல்லாம் பெல்ட்டுக்கு மேலேதான், உள்ளே அல்ல.

ஏப்ரல் மாதம் பாலக்காட்டு வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோகம் சுடும். முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். நிறுத்திவிட்டுப் போகும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு வையுங்கள்.

முன்சீட்டில் வைக்கலாமா?

பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் நேரே சீட்டின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். 2021-க்குப் பிறகு வந்த புது மாடல்கள் எல்லாவற்றிலும் முன்பக்கப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். முன்பக்கம் திருப்பிய பிறகும் பின்சீட்தான் குழந்தைக்கு.

போலீஸ் பிடிக்குமா என்று கேட்பவர்களுக்கு: 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1000 ரூபாய் அபராதம். 2024 அக்டோபரில் கேரளப் போக்குவரத்துத் துறை குழந்தை சீட்டைக் கண்டிப்பாக்கப் போவதாக அறிவித்தது. உடனே அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கணேஷ் குமார் இப்போதைக்கு அபராதம் போடுவதில்லை என்று சொல்லிவிட்டார். மத்தியச் சட்டம் மாநில எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

திருப்பிய பிறகு முதல் ஓட்டத்தைப் பக்கத்திலேயே, பாலக்காட்டுச் சித்தூர் வரை என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, பெல்ட்டை மறுபடி ஆட்டிப் பாருங்கள். புதிதாகக் கட்டியது ஓடும்போது சற்று இளகுவது உண்டு. அப்புறம் ஸ்டிக்கரில் முன்பக்கத்துக்கான மேல் வரம்பைக் குறித்து வையுங்கள். 18 கிலோ என்றிருந்தால், அதுவரை சீட்டின் சொந்தப் பெல்ட்தான். அதற்குப் பிறகு குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும், முதுகு உள்ள பூஸ்டர் சீட்டில் உட்காரவைத்து காரின் பெல்ட்டைப் போடலாம். உயரம் ஏறக்குறைய 145 செ.மீ. ஆகி, பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் படியும்வரை பூஸ்டர் வேண்டும்.